ஐசியூல எத்தன நாள் வச்சிருந்தீங்க?

எங்க கன்னியாகுமரி ஜில்லா பக்கம் சாவு வீட்டுல துஷ்டி கேக்க வர்றவங்க கிட்ட ஒரு கேள்வி வரிசை உண்டு. தக்கலையில இருந்து குலசேகரம் வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே வரிசைதான். எப்ப நடந்துது, என்ன சீக்கு, எந்த ஆஸ்பத்திரியில பாத்தீங்க, ஐசியூல எத்தன நாள் வச்சிருந்தீங்க. முதல் மூணும் சும்மா பேச்சுக்கு, நாலாவதுதான் பரீட்சை. திருவனந்தபுரத்துல பெரிய ஆஸ்பத்திரி, வெண்டிலேட்டர்ல ரெண்டு வாரம், எட்டு லட்சம் ஆச்சுன்னு சொல்லிட்டா போதும், "பிள்ளைங்க ஒரு குறையும் வைக்கல்ல"ன்னு அந்த பிளாஸ்டிக் சேர்ல இருந்துட்டே பாஸ் போட்டுருவாங்க. அப்பா வீட்டுலதான் போனாருன்னு நான் சொன்னப்போ ஒரு பெரியம்மை "அப்பிடியாஆ"ன்னு இழுத்த இழுப்புல ஒரு சார்ஜ் ஷீட்டே இருந்துது.

அதனாலதான் இத எழுதுறேன். அப்பாவ நாங்க கைவிட்டு வீட்டுக்குக் கொண்டு வரல. வீட்டுல வச்சுப் பாத்தது ஐசியூ வாசல்ல காத்துக் கெடக்குறத விட பல மடங்கு வேலை, அதுக்கும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்து, கணக்கு எல்லாம் உண்டு, அந்த வேலைக்கு வலிதணிப்பு சிகிச்சைன்னு பேரு, பாலியேட்டிவ் கேர்னு சொன்னாதான் ஆஸ்பத்திரியில புரியும். எங்க ஊர்ல முக்கால்வாசி பேருக்கு அப்பிடி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. தெரிஞ்ச மிச்சப் பேரும் அத சாகப்போறவங்களுக்கான கடைசி வாசல்னு நெனச்சு அந்தப் பக்கமே போக மாட்டாங்க.

அப்பா ரப்பர் வெட்டுற ஆளு. ராத்திரி மூணு மணிக்கு தலையில லைட்ட கட்டிட்டு தோட்டத்துக்குப் போனா விடியும்போது பால் எடுத்துட்டு வருவாரு, வாழ்நாள் முழுக்க அதான். வயித்துல கேன்சர்னு தெரிஞ்சப்பவே ஈரலுக்குப் போயிருந்துது, கொஞ்ச நாள்ல முதுகெலும்புலயும். எங்க ஜில்லாக்காரங்க எல்லாரும் செய்யறதத்தான் நாங்களும் செஞ்சோம், ஃபைல தூக்கிட்டு திருவனந்தபுரத்துல உள்ள கேன்சர் ஆஸ்பத்திரியான ஆர்சிசிக்குப் போனோம். காலையில களியக்காவிளை தாண்டிப் போற பஸ்ல பாத்தா மடியில ஸ்கேன் கவரோட ரெண்டு மூணு குடும்பம் எப்பவும் இருக்கும். கீமோ கொஞ்சம் குடுத்தாங்க, அவரு உடம்பு தாங்கல, நிறுத்திட்டாங்க.

அதுக்கப்புறம் ஒரு நாள் மூச்சு வாங்குதுன்னு பக்கத்துல உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், பேரு வேண்டாம். அங்க வராந்தாவுல, பக்கத்துல யாரோ டீ வாங்கிட்டுப் போற வழியில நின்னுட்டு ஒரு டாக்டர் எங்கிட்ட சொன்னது இதுதான்: "இனி செய்யதுக்கு ஒண்ணும் இல்ல. ஐசியூல வைக்கணும்னா வைக்கலாம், இல்லன்னா நீங்களா கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்துட்டு போங்க." அம்மா பின்னால நின்னாங்க. அவ்வளவுதான், ரெண்டே வாசல்.

அந்த ரெண்டாவது வாசலப் பத்தி கொஞ்சம் சொல்லணும். டாக்டரோட அறிவுரைக்கு எதிரா நாங்களே கூட்டிட்டுப் போறோம்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க, லாமான்னு சுருக்கமா சொல்லுவாங்க. அதுல கையெழுத்துப் போட்ட நிமிஷத்துல இருந்து அந்த ஆளு யாருக்கும் பேஷண்ட் இல்ல. வலிக்கு என்ன குடுக்கணும், மூச்சு முட்டினா என்ன செய்யணும், யாருக்கு ஃபோன் போடணும், எதுவும் அந்தப் பேப்பர்ல கெடையாது. எடுத்துட்டுப் போன மாத்திரை தீர்ந்ததும் ராத்திரி ரெண்டு மணிக்கு வலியில துடிக்கிற ஆள வச்சுட்டு வீட்டுல உள்ளவங்க விழிப்பாங்க, பயந்து போயி திரும்பவும் ஆம்புலன்ஸ், திரும்பவும் காஷுவாலிட்டி, கடைசியில அதே ஐசியூ. நெறைய பேரு ஐசியூவ விரும்பித் தேர்ந்தெடுக்கல, வலியப் பாத்து பயந்து ஓடி வந்து அங்க மாட்டிக்கிறாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

எங்க ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி மேல உள்ள நம்பிக்கை சாதாரண நம்பிக்கை இல்லைங்கிறதையும் சொல்லணும். நெய்யூர்ல மிஷன் ஆஸ்பத்திரி 1838ல தொடங்குனது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் 1922ல மலையில இருந்து இறங்கி ஊர் சுத்திப் பாக்க வந்த இடத்துல, அங்க காத்துக் கெடந்த கூட்டத்தையும் ஒத்தையா அறுவை செஞ்சுட்டிருந்த டாக்டரையும் பாத்துட்டு, லண்டன்ல கெடைக்க வேண்டிய பெரிய வேலைய விட்டுட்டு இங்கயே வந்து வருஷக்கணக்கா இருந்துட்டாரு. எங்க பாட்டி காலத்து ஆளுங்க சோமர்வெல் சாயிப்புன்னு சாமி பேரு சொல்ற மாதிரி சொல்லுவாங்க. அப்பிடி வளந்த ஊர்ல ஒரு டாக்டர் வாயால "ஒண்ணும் செய்யதுக்கு இல்ல"ன்னு வந்தா அது மருத்துவக் கருத்து மாதிரி கேக்காது, சாமியே கதவ சாத்துன மாதிரி கேக்கும்.

மூணாவது ஒரு வாசல் உண்டுன்னு சொன்னது டாக்டர் இல்ல, மார்த்தாண்டத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிற அப்பாவோட கூட்டுக்காரரு ஒருத்தரு. "மக்களே, இந்த வலிக்கு இந்த மாத்திரையெல்லாம் பத்தாது, பாலியேட்டிவ் டாக்டர் கிட்ட கொண்டு போ, மார்ஃபின் எழுதுவாங்க, அது எங்க கடையில எல்லாம் கெடைக்காது"ன்னாரு.

மார்ஃபின்னு கேட்டதும் வீட்டுல ஒரு சின்ன போர் நடந்துது. மாமா வந்து "அது போதை மருந்துல்லா, அடிமையாயிருவாரு"ன்னாரு. எழுந்து நடக்க முடியாம, வலியில பல்லக் கடிச்சுட்டு, ராத்திரி முழுக்க செவுத்தப் பாத்து இருக்கிற மனுஷன் இனி அடிமையாகி என்னத்த செய்யப் போறாருன்னு நான் கேட்டேன், மாமா பதில் சொல்லல. ஆனா அந்த பயம் மாமாவோடது மட்டும் இல்ல, இந்த நாட்டுச் சட்டத்துக்கே இருந்த பயம் அது. 1985ல போதைப்பொருள் சட்டம் வந்தப்போ மார்ஃபினும் அதுல மாட்டிக்கிச்சு, ஒரு ஆஸ்பத்திரி அத வாங்கி வைக்கணும்னா பல லைசன்ஸ் வேணும், ஒண்ணு கெடைக்கும்போது இன்னொண்ணு காலாவதி ஆயிரும், எதுக்கு இந்த வம்புன்னு ஆஸ்பத்திரிங்களும் கடைங்களும் வாங்குறதையே விட்டுட்டாங்க. மார்ஃபினே எழுதாம ஒரு தலைமுறை டாக்டர்ங்க படிச்சு வெளிய வந்தாங்க. இத்தனைக்கும் மார்ஃபின் எடுக்குற அபினிய அரசாங்கமே லைசன்ஸ் குடுத்து மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் வெளைய வச்சு வெளிநாட்டுக்கு அனுப்புது, நம்ம பாயில கெடக்குறவருக்குத்தான் கெடைக்காது. 2014ல சட்டத்த திருத்துனாங்க, இப்ப அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரின்னா ஒரே இடத்து அனுமதி போதும். திருவனந்தபுரத்துல பாலியம் இந்தியான்னு ஒரு வலிதணிப்பு அமைப்ப 2003ல தொடங்குன ராஜகோபால் டாக்டர் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா விடாம கேட்டுத்தான் அது நடந்துது.

சரி, மருந்துக்கு வர்றேன். சின்ன மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒருக்க. வலி வந்தா போடுற மாத்திரை இல்ல, வலி வர்றதுக்கு முன்னாலயே மணி பாத்துப் போடணும், அதுதான் சூட்சுமம்னு நாங்க போயிப் பாத்த பாலியேட்டிவ் டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ராத்திரி படுக்கும்போது ரெட்டை டோஸ் போட்டா நடுராத்திரி டோஸுக்கு எழுப்ப வேண்டாம்னாங்க. அந்த ஒரு வரியில அம்மாவுக்கு தூக்கம் திரும்பிச்சு. முதல் ரெண்டு மூணு நாள் குமட்டும், அசந்து தூங்குவாரு, அப்புறம் சரியாயிரும். ஆனா மலச்சிக்கல் மட்டும் போகாது, மார்ஃபின் எழுதுற கையோட வயித்த இளக்குற மாத்திரையும் எழுதணும், எழுதாம குடுத்தாங்கன்னா நீங்களே கேளுங்க. வலி கூடினா அளவக் கூட்டுவாங்க. அதப் பாத்து சாவ சீக்கிரமா கொண்டு வர்ற மருந்துன்னு நெனைக்கிறவங்க உண்டு, வலிக்குத் தக்க அளந்து குடுத்தா அப்பிடி ஒண்ணும் ஆகாது. விலை, கீமோவுக்கு நாங்க செலவழிச்சதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு தடவையும் பழைய மாத்திரை அட்டையக் கொண்டு போயிக் காட்டணும், மிச்சம் இருந்தா திருப்பிக் குடுக்கணும், ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க.

ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, காலையில அப்பா வராந்தாவுல வந்து இருந்துட்டு கருப்பட்டி காப்பி கேட்டாரு. அவரா ஒண்ணு கேட்டு எவ்வளவு காலம் ஆயிருந்துதுன்னு அம்மா அடுப்படியில நின்னு அழுதாங்க. அதுக்கு அடுத்த வாரம், தோட்டத்துல அவரு மரங்கள இப்ப வெட்டுற பையனக் கூப்பிட்டு அனுப்பி, "ஏம்டே பட்டையில ஆழமா போற, தடியில கத்தி பட்டா மரம் கொணமாகாது"ன்னு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தாரு. அந்தப் பையன் எங்கிட்ட வந்து "அக்கா, அப்பாவுக்கு சொகமாயிட்டா"ன்னு கேட்டான். சொகமாகல. வலி போயிருந்துது, அவ்வளவுதான். வலி போனா உள்ள இருக்கிற ஆளு திரும்பி வருவாருங்கிறத நான் அன்னைக்குத்தான் கண்டேன்.

இந்த வலிக்கு உடம்பு மட்டும் காரணம் இல்லன்னு சொல்ற ஒரு பேச்சு இந்தத் துறையில உண்டு. லண்டன்ல 1967ல செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ்னு, தீராத சீக்குக்காரங்கள கடைசி வரைக்கும் பாத்துக்கிற ஹாஸ்பிஸ் ஒண்ணு தொடங்குன சிசிலி சாண்டர்ஸ் சொன்னது, உடம்பு வலி, மனசு வலி, வீட்டுக் கவலை, கடவுள் கிட்ட உள்ள சண்டை எல்லாம் சேந்ததுதான் ஒரு ஆளோட மொத்த வலின்னு. எங்க டாக்டரம்மா அப்பாகிட்ட முதல்ல கேட்ட கேள்வியும் வலியப் பத்தி இல்ல. எங்கள வெளிய போகச் சொல்லல, எங்க முன்னாலயே, "உங்களுக்கு என்ன சீக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரிஞ்சுக்கணும்னு தோணுதா"ன்னு கேட்டாங்க. நாங்க அதுவரைக்கும் வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருந்தோம், ஃபைல் மேல உள்ள பேர மறைக்க ஒரு கவர் கூட போட்டு வச்சிருந்தாங்க அம்மா. அப்பா சிரிச்சுட்டு, "ஆர்சிசி போர்டுல கேன்சர்னு எழுதியிருக்கது எனக்கு வாசிக்கத் தெரியாதா டாக்டரே, இவங்க வருத்தப்படுவாங்கன்னு நானும் சொல்லல்ல"ன்னாரு. மாசக்கணக்கா ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திட்டு இருந்திருக்கோம். அதுக்கப்புறம்தான் வீட்டுல பேச்சே வந்துது, சொசைட்டியில உள்ள கடன், தங்கச்சிக்கு எழுதி வைக்க வேண்டிய அஞ்சு சென்ட், யாரு கொள்ளி வைக்கணும் எல்லாம். கொள்ளி பேச்ச எடுத்ததும் அம்மா அழுதப்போ "சவத்த விடு, நாளைக்குப் பேசலாம்"னு அவரே நிறுத்துனாரு.

அண்ணன் விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா இது எங்க ஜில்லாவுல வீட்டுக்கு வீடு நடக்குறது. பிள்ளைங்க பாதிப் பேரு வளைகுடாவுல. எங்க அண்ணன் மஸ்கட்ல டிரைவர், லீவு கெடைக்காத வேலை. வீடியோ கால்ல அப்பா எலும்பும் தோலுமா கெடக்குறதப் பாத்துட்டு ஒரே சத்தம். "நான் காசு அனுப்புதேன்லா, நீ எதுக்கு அப்பாவ வீட்டுல போட்டு வச்சிருக்க, ஐசியூல சேரு, என்ன செலவானாலும் நான் பாக்கேன்." கூட இருக்க முடியாதவன் கையில காசு மட்டும்தான் இருக்கு, அத குடுத்துத்தான் பிள்ளைங்கிற கடமைய செய்ய முடியும், அதுல கோவப்பட என்ன இருக்கு. ஆனா அந்த சத்தத்துக்கு பயந்துதான் எத்தனையோ வீட்டுல கடைசி நாள்ல ஆள ஐசியூவுக்குத் தூக்குறாங்க. நான் அவன்கிட்ட சண்டை போடாம டாக்டரம்மாகிட்ட சொன்னேன், அவங்க நேரம் ஒதுக்கி வீடியோ கால்ல அவன்கூட பேசுனாங்க. ஈரல் எந்த நிலையில இருக்கு, வெண்டிலேட்டர் என்ன செய்யும், அது நுரையீரலுக்கு நேரம் வாங்கிக் குடுக்குற மிஷின், திரும்பி வரக்கூடிய சீக்குக்கு அது உயிர் காக்கும், இந்த சீக்குல அது சாவ இழுக்க மட்டும்தான் செய்யும், டியூப் வாயில இருந்தா அப்பா உங்ககிட்ட பேச முடியாதுன்னு பொறுமையா சொன்னாங்க. கடைசியில "நீங்க அங்க இருந்தே ஒரு வேலை செய்யணும்"னு சொல்லி, தினமும் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு கூப்பிட்டு பழைய கதை பேசச் சொன்னாங்க. அவன் ஒரு நாளும் தப்பல. வண்டிய ஓரம் கட்டிட்டு பேசுவான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு அப்பதான் தேடிப் பாத்தேன். 2018 மார்ச் 9ம் தேதி காமன் காஸ் வழக்குல உச்ச நீதிமன்றம், மானத்தோட சாகுறதும் வாழுற உரிமையில அடங்கும், பலன் இல்லாத நிலையில செயற்கையா உயிர இழுத்து வைக்கிற சிகிச்சைய வேண்டாம்னு சொல்லலாம், அத முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம்னு தீர்ப்பு சொல்லிச்சு. ஆனா அதுல வச்ச நடைமுறை, மாஜிஸ்திரேட் கையெழுத்து அது இதுன்னு, யாராலயும் செய்ய முடியாத மாதிரி இருந்துது. 2023 ஜனவரியில அத எளிதாக்குனாங்க, இப்ப ரெண்டு சாட்சி முன்னால கையெழுத்துப் போட்டு நோட்டரியோ கெசட்டட் ஆபீஸரோ சான்று குடுத்தா போதும், ஆஸ்பத்திரியில டாக்டர்ங்களோட ரெண்டு குழு பாத்து முடிவு சொல்லணும். ஆதார் திருத்தத்துக்கும் பட்டாவுக்கும் நடக்குற நாம இதுக்கும் ஒரு நாள் நோட்டரி ஆபீஸுக்குப் போகலாம். நான் என்னோடத எழுதிட்டேன், அம்மாதான் "வயசுல பிள்ள எழுதுற எழுத்தா இது"ன்னு இன்னும் திட்டிட்டிருக்காங்க.

களியக்காவிளை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவுல, இதெல்லாம் இவ்வளவு பாடு இல்லங்கிறதுதான் எனக்கு ஆத்தாமை. எங்க சித்தி வீடு பாறசாலை பக்கம். சித்தப்பா பக்கவாதத்துல படுத்தப்போ பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் ஒரு வண்டியில வீட்டுக்கே வந்து டியூப் மாத்தி, புண்ணு கட்டி, சித்திகிட்ட "நீங்க சாப்ட்டீங்களா சேச்சி"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. அங்க கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல 1993லயே ஒரு சின்ன கிளினிக்கா தொடங்கி, ஊர்க்காரங்களே வாலண்டியரா சேந்து, 2008ல அரசாங்கக் கொள்கையாவே ஆக்கிட்டாங்க, இந்தியாவுலயே முதல்ல. இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சுகர் மாத்திரையோட வலிதணிப்பு சிகிச்சையும் ஃபிசியோதெரபியும் வீட்டுக்கு வரணும்னு இருக்கு, கேட்டா வர்றாங்க, அப்பாவுக்கு வந்த சிஸ்டர் தங்கமான பிள்ள. ஆனா கேக்கணும். பஞ்சாயத்துல கேக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்துல கேக்கணும். பெரிய ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் எழுதுற டாக்டர் அந்த சீட்டுலயே "இன்ன சுகாதார நிலையத்து பாலியேட்டிவ் நர்ஸ் தொடர்ந்து பாக்கணும்"னு ஒரு வரி எழுதிட்டா முக்கால் பிரச்சனை தீரும். எழுத மாட்டாங்க.

கடைசி வாரம். இத விவரமா எழுதுறேன், ஏன்னா யாராவது எனக்கு முன்னாலயே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுன விஷயங்கள், சிஸ்டர் சொன்னதால பாதி பயம் குறைஞ்சுது. சாப்பாடு நின்னுது. கஞ்சித் தண்ணி ரெண்டு ஸ்பூன், மட்டிப்பழம் மசிச்சு ஒரு விரல் நுனி, அதுக்கு மேல இறங்கல. சொந்தக்காரங்க எல்லாம் "குளுக்கோஸாவது ஏத்துங்க, பட்டினி போட்டு கொல்லாதீங்க"ன்னாங்க. சாப்பிடாததால சாகல, சாகப்போற உடம்பு சாப்பாட்ட வேண்டாம்னு வைக்கிதுன்னு சிஸ்டர் அம்மாவுக்கு விளக்குனாங்க. அந்த நேரத்துல ஏத்துற தண்ணிய வெளியேத்த கிட்னிக்கு சத்து இருக்காது, அது நெஞ்சுலயும் கால்லயும் போயி நிக்கும், மூச்சு இன்னும் முட்டும். அதுக்குப் பதிலா நனைச்ச துணியால வாய ஒத்திக் குடுக்கணும், உதட்டுல தேங்கா எண்ணெய் தடவணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க புரட்டிப் படுக்க வைக்கணும், முதுகும் இடுப்பும் குதிகாலும் செவந்துருக்கான்னு பாக்கணும். மூச்சு வாங்கும்போது ஆக்ஸிஜன் சிலிண்டர் தேடி ஓடுறதுக்கு முன்னால ஜன்னலத் திறந்து டேபிள் ஃபேன மூஞ்சிக்கு நேரா வைங்கன்னாங்க, வேலை செஞ்சுது. கடைசி ரெண்டு நாள் தொண்டையில கரகரன்னு ஒரு சத்தம் வரும், கேக்குறவங்களுக்குத்தான் அது கொடூரம், அவருக்கு தெரியாதுன்னு சொல்லி ஒருக்களிச்சு படுக்க வச்சு ஒரு ஊசி போட்டாங்க. புண்ணு உள்ளவங்க வீட்டுல நாத்தம் தாங்காம பிள்ளைங்களே கிட்ட போகாம இருக்கிறத நான் பாத்திருக்கேன், அதுக்கும் வழி இருக்கு, மெட்ரோனிடசோல் மாத்திரைய நுணுக்கி புண்ணுல தூவுனா நாத்தம் அடங்கும்னு அந்த சிஸ்டர்தான் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு சொல்லிக் குடுத்தாங்க.

இன்னொண்ணு, மூச்சு நிக்கும்போது பதட்டத்துல 108க்கு அடிக்காதீங்கன்னு முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தாங்க. அவங்க வந்தா அவங்க வேலைய செய்வாங்க, நெஞ்ச அழுத்துவாங்க, வண்டியில ஏத்துவாங்க, அது அவங்க கடமை. எங்களுக்குக் கூப்பிடுங்க, டாக்டர் வந்து பாத்து இறப்புக் காரணம் எழுதிக் குடுப்பாங்கன்னாங்க. அப்பிடியே நடந்துது. விடியறதுக்கு முன்னால, அவரு தோட்டத்துக்குப் போற நேரத்துல போனாரு. பஞ்சாயத்துன்னா விஏஓ கிட்ட 21 நாளுக்குள்ள பதியணும், டாக்டர் சீட்டு இருந்ததால ஒரு இடத்துலயும் அலைய விடல.

அதுக்கப்புறம் வர்றதுதான் யாரும் பேசாத பாகம். சஞ்சயனம், பதினாறு அடியந்திரம் முடியுற வரைக்கும் வீடு நெறைய ஆளு, ஒரு துக்கத்த தாங்க ஊர் ஏற்படுத்தி வச்ச ஏற்பாடு அது, அத நான் குறைச்சு சொல்ல மாட்டேன், எந்த மதத்துலயும் ஏழு, முப்பது, நாப்பத்தொண்ணுன்னு ஏதோ ஒரு கணக்கு வச்சு ஆளுங்க வந்து போற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. பந்தல் பிரிச்ச மறுநாள்தான் அம்மா தனியா ஆனாங்க. மாசக்கணக்கா நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரைன்னு ஓடுன உடம்பு, இப்பவும் அந்த நேரத்துக்கு எழும்பி மணிய பாக்கும். வேலை போன மாதிரி ஒரு இருப்பு. சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல்லன்னாங்க. டாக்டர் கிட்ட போகலாம்னா "எனக்கு என்ன சீக்கு"ன்னு கேப்பாங்க.

அப்ப அந்த சிஸ்டர் வந்தாங்க. அப்பா போயி ஒரு மாசம் இருக்கும், சும்மா வந்தேன்னாங்க. அவங்க வேலையில நோயாளி செத்த பிறகு அந்த வீட்டுக்குப் போறதும் ஒரு பாகம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் பாலியேட்டிவ் கேருக்கு சொல்ற விளக்கத்துலயே குடும்பத்தோட துக்கத்துக்கு துணை நிக்கிறதும் சேத்திதான், சிசிலி சாண்டர்ஸோட ஹாஸ்பிஸ்லயும் அதுக்குன்னே ஆளு வச்சிருந்தாங்க. ஆனா ஊர்க்காரங்க கேக்குற மாதிரி சிஸ்டர் ஒண்ணும் கேக்கல. அம்மாகிட்ட அப்பாவோட கடைசி ராத்திரியப் பத்தி சொல்லச் சொன்னாங்க, அம்மா சொன்னாங்க, நடுவுல "அந்தக் கடைசி டோஸ நான்தான் குடுத்தேன், அதனால போயிட்டாரோ"ன்னு கேட்டாங்க. எனக்கு தூக்கி வாரிப் போட்டுது. இத்தனை நாளா அத உள்ள வச்சுட்டு எங்க கண்ணு முன்னாலதான் நடமாடியிருக்காங்க, எங்க யாருகிட்டயும் கேக்கல. சிஸ்டர் நோட்டப் புரட்டி, எந்த நேரத்துக்கு எவ்வளவு குடுத்தாங்க, அதே அளவு எத்தனை நாளா குடுத்துட்டிருந்தாங்கன்னு காட்டி, அது இல்லம்மான்னு தெளிவா சொன்னாங்க. நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் அது நின்னிருக்காது. சிகிச்சை குடுத்த இடத்துல இருந்து ஒருத்தர் வந்து சொல்லணும்.

இத நெனைக்கும்போதுதான் ஐசியூவுல போறவங்க வீட்டப் பத்தி யோசிப்பேன். அவங்க கேள்விக்கு யாரு பதில் சொல்லுவா? பில்லு கட்டுனாதான் பாடி, பாடி வந்ததும் ஃபைல் க்ளோஸ். ஒரு தனி அறை, இருந்து பேசுறதுக்கு நாலு நாற்காலி, சொல்ல வேண்டியத நின்னுட்டே சொல்லாத ஒரு டாக்டர், பில்லுக்கு முன்னால பத்து நிமிஷம் பக்கத்துல இருக்க விடுறது, ஒரு மாசம் கழிச்சு ஒரு ஃபோன். புதுசா மிஷின் எதுவும் வாங்க வேண்டாம் இதுக்கு. எம்ஆர்ஐ வந்துட்டுன்னு ஃபிளெக்ஸ் வைக்கிற ஆஸ்பத்திரி எதுவும் இங்க துக்கத்துல உள்ளவங்ககிட்ட பேச ஆளு வச்சிருக்கோம்னு ஃபிளெக்ஸ் வச்சு நான் பாத்ததில்ல.

இப்ப அண்ணன் கூட தங்கியிருக்கிற நாகர்கோவில்காரர் ஒருத்தரோட அம்மாவுக்கு கர்ப்பப்பை கேன்சர், முத்திப் போச்சு, வலி தாங்கல. அண்ணனே அவருகிட்ட மார்ஃபின் பத்தி எல்லாம் சொல்லி என் நம்பரக் குடுத்திருக்கான். அவரு தங்கச்சி நேத்து கூப்பிட்டாங்க, லாமா பேப்பர் கையில வச்சுட்டு கையெழுத்துப் போடவான்னு கேட்டாங்க. போடுறதுக்கு முன்னால மூணு விஷயம் கேளுங்கன்னேன்: வலிக்கு என்ன மருந்து எழுதித் தருவீங்க, எந்த பாலியேட்டிவ் டாக்டருக்கு லெட்டர் தருவீங்க, ராத்திரி கூப்பிட ஒரு நம்பர் உண்டா. வார்டுல ஒருத்தரும் பதில் சொல்லலியாம். செவ்வாய்க்கிழமை பாலியேட்டிவ் ஓபிக்கு பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், டோக்கன் காலையில ஏழரைக்கே தீந்துரும், நான் முன்னால போயி எடுத்து வைக்கணும்.